வக்கீல் மீது புகார்: பார் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை ஒரு சேவையாக எப்படி இருக்கிறது?

வக்கீலிடம் பணமும் ஆவணங்களும் கொடுத்து ஏமாந்த கட்சிக்காரர், அந்த வக்கீலின் உரிமத்தின் மீதே நடவடிக்கை வேண்டும் என்று நினைத்தால் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: அந்த வக்கீலின் பெயர் பதிவாகியிருக்கும் மாநில பார் கவுன்சில். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பதிவு செய்தவர் என்றால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் கவுன்சில். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்ற நெடுநாள் சண்டை 2024 மே 14 அன்று முடிந்தது. வக்கீலின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007இல் தேசிய நுகர்வோர் ஆணையம் எடுத்திருந்த எதிர் நிலை அதோடு போயிற்று.

நீதிமன்றங்களாலும் இந்த வேலையைக் கையில் எடுக்க முடியாது. அவமதிப்புக்குத் தண்டிக்கலாமே தவிர, உரிமத்தை நிறுத்தி வைப்பது பார் கவுன்சிலின் வேலை என்று 1998இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தன் விதிகளில் 14ஏ முதல் 14டி வரை சேர்த்து, வக்கீல்களைத் தடை செய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. பெரிய போராட்டமே நடந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. ஆக, இது போட்டியில்லாத சேவை. பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போக வழியில்லை. அதனால்தான் இதை ஒரு சேவையாகவே வைத்து எடை போட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், புகாரை விசாரிக்கும் கவுன்சிலின் ஒழுங்குக் குழுவுக்கு ஏராளமான அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதை நடத்துவதற்கான முழுநேர ஆளையும் வருமானத்தையும் கொடுக்கவில்லை. கவுன்சில் தானாகத் தோண்டிக் கண்டுபிடிக்கும் என்று நம்பிப் போகிறவர் ஏமாறுவார். நீங்கள் கட்டி எடுத்துப்போகும் ஆவணக் கட்டுதான் உங்கள் புகாரின் தலைவிதி.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

சட்டத்தின் 35(3) பிரிவின்படி ஒழுங்குக் குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், வக்கீலைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். தண்டனை 41ஆம் பிரிவின்படி பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஏறும். நிறுத்தி வைத்தாலோ நீக்கினாலோ பதிவுச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 43ஆம் பிரிவின்படி செலவுத் தொகை கொடுக்கச் சொல்லலாம். அந்த உத்தரவை உயர் நீதிமன்ற உத்தரவு போலவே நிறைவேற்றலாம்.

இழப்பீடு இந்தப் பட்டியலில் இல்லை. கொடுத்த பீஸ் திரும்பி வரும், நழுவிப்போன சொத்து கைக்கு வரும் என்று எதிர்பார்த்து வருபவர்கள்தான் கடைசியில் மிகவும் நொந்துபோகிறார்கள். பணம் வேண்டுமென்றால் சிவில் வழக்கு. பணத்தைக் கையாடியது மோசடியோ நம்பிக்கைத் துரோகமோ ஆகும் என்றால் போலீஸ் புகார். இரண்டையும் பார் கவுன்சில் புகாரோடு சேர்த்தே நடத்தலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. பார் கவுன்சிலில் புகார் கொடுத்ததால் உங்கள் வழக்கு உயிர் பெறாது. வக்கீல் ஆஜராகாமல் உங்கள் வழக்கு டிபால்ட்டில் தள்ளுபடியாகியிருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9 விதி 9இன் கீழ் 30 நாளுக்குள் மீட்பு மனு போட வேண்டும். நீங்கள் பிரதிவாதியாக இருந்து எக்ஸ்பார்ட்டி டிக்ரி (உங்கள் தரப்பைக் கேட்காமல் ஒருதலையாகத் தீர்ப்பு) ஆகியிருந்தால் அதே ஆணையின் விதி 13, அதற்கும் 30 நாள். கோபத்தில் முதலில் பார் கவுன்சிலுக்கு எழுதிவிட்டு, அங்கிருந்து பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்து, மீட்பு மனுவுக்கான காலத்தைத் தவறவிடுவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. தாமத மன்னிப்பு மனு போடலாம்தான். ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

புது வக்கீலை அமர்த்தப் பழைய வக்கீலின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி 39. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நிற்காது. காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம் என்று அதே விதி வழி வைத்திருக்கிறது.

எது தொழில் தவறு

வழக்குத் தோற்றது தொழில் தவறு ஆகாது. வாதம் சொதப்பியதும், சட்டப் புள்ளி ஒன்றைக் கவனிக்காமல் விட்டதும்கூட அப்படித்தான். வெறும் கவனக்குறைவு போதாது, அதில் நேர்மைக் கேடு கலந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நெடுநாள் நிலைப்பாடு. அதனால் புகாரை "சரியாக வாதாடவில்லை" என்று எழுதுவதைவிட, எந்த விதியை எந்தத் தேதியில் மீறினார் என்று எழுதுவதுதான் காரியத்துக்கு ஆகும்.

மாநில கவுன்சில்களுக்கு மேலே டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில், 6ஆம் பகுதி, 2ஆம் அத்தியாயத்தில் கட்சிக்காரருக்கு உதவும் விதிகள் இருக்கின்றன. பலருக்கு இவை இருப்பதே தெரியாது. விதி 12: ஏற்ற வழக்கிலிருந்து தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக் கூடாது, விலகினால் உழைக்காத பகுதிக்கான பீஸைத் திருப்பித் தர வேண்டும். விதி 20: ஜெயித்தால் இவ்வளவு, வரும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசக் கூடாது. மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் சதவீதம் பேசுவது ஊரறிந்த வழக்கம். அதுவே விதிமீறல்.

விதி 25 முதல் 30 வரைதான் தங்கம். கட்சிக்காரரின் பணத்துக்குத் தேதிவாரியாகக் கணக்கு வைக்க வேண்டும். வாங்கிய தொகை பீஸா செலவுக்கா என்று பிரித்து எழுத வேண்டும். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் செலவுக்குக் கொடுத்ததைப் பீஸுக்கு மாற்றக் கூடாது. கட்சிக்காரர் சார்பில் பணம் கைக்கு வந்தால் சீக்கிரமே தெரியப்படுத்த வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். நகல் எடுக்கும் செலவு மட்டும் உங்களுடையது. புகார் கொடுக்குமுன் இந்த விதி 30ஐச் சுட்டிக்காட்டி, கணக்கையும் வழக்குக் கட்டையும் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். பதில் வந்தால் தகராறு பாதி தீரும். வராவிட்டால் அந்த மௌனமே நல்ல ஆவணம். பின்னால் புகாரில் அதை இணைப்பாகக் காட்டலாம்.

பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு கூட்டுறவு வங்கியின் கோப்புகளை பீஸ் பாக்கிக்காகப் பிடித்து வைத்த வக்கீலின் வழக்கு அது. பீஸ் வேண்டுமானால் வழக்குப் போடட்டும், கட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதே வழக்கில், இந்திய பார் கவுன்சில் கொடுத்த 18 மாதத் தடையை உச்ச நீதிமன்றம் வெறும் கண்டிப்பாகக் குறைத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். மேலே போகப் போகத் தண்டனை இளகுவது இந்தத் துறையில் புதிதல்ல. 1970களின் இறுதியில், புரோநோட்டுகளை நம்பிக் கொடுத்த கட்சிக்காரரை ஏமாற்றிய சென்னை வக்கீலுக்கு மாநில கவுன்சில் 6 வருடத் தடை போட்டது. டெல்லியில், இந்திய பார் கவுன்சிலில், அது 1 வருடமானது. உச்ச நீதிமன்றமோ தண்டனையை மாற்றி அமைத்து, அவரை இலவச சட்ட உதவி வேலைக்கு அனுப்பியது.

எதிர்த்தரப்பு வக்கீல் மீது புகார் கொடுப்பவர்கள் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. உங்களுக்கும் அவருக்கும் வக்கீல், கட்சிக்காரர் என்ற உறவு இல்லை. பொதுவாக அந்த உறவு இருந்தால்தான் ஒழுங்கு நடவடிக்கை என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அப்படிப்பட்ட புகாரைக் குழுவுக்கு அனுப்பிய கவுன்சிலுக்கே செலவுத் தொகை விதித்தது. நோட்டரி வேலையில் நடந்த தவறென்றால் அதற்கு இடம் பார் கவுன்சில் அல்ல. நோட்டரி விதிகள் 1956இன் 13ஆம் விதிப்படி, அவரை நியமித்த அரசுக்கு எழுத வேண்டும்.

மனு எப்படி இருக்க வேண்டும்

புகார் என்பது கடிதம் அல்ல, மனு. விதிகளின் 7ஆம் பகுதி அப்படித்தான் கேட்கிறது: கையெழுத்திட்டு, சிவில் நடைமுறைச் சட்டம் சொல்லும் முறையில் உறுதிமொழி செய்த மனு. முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதுவது போல இரண்டு பக்கம் ஆதங்கத்தைக் கொட்டி அனுப்பினால், குறைகளைச் சரிசெய்து கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருப்பத்திலேயே கணிசமான காலம் கரைந்துவிடும்.

பத்திகளுக்கு எண் போடுங்கள். ஒரு பத்திக்கு ஒரு நிகழ்வு, ஒரு தேதி, அதற்கு ஆதாரமான ஆவணத்தின் எண். கடைசியில் உறுதிமொழி. "மேலே 1 முதல் 9 வரையுள்ள பத்திகளில் கண்டவை என் நேரடி அறிவின்படி உண்மை, 10, 11ஆம் பத்திகளில் கண்டவை எனக்குக் கிடைத்த தகவலின்படி உண்மை என்று நம்புகிறேன்" என்று பிரித்து எழுதி, ஊர், தேதி, கையெழுத்து. "எல்லாம் உண்மை" என்று மொத்தமாக எழுதுவதுதான் பெரும்பாலோர் செய்வது. ஆணை 6 விதி 15 கேட்பது பத்திவாரியான பிரிப்பை. கேட்டுத் தெரிந்ததை நேரில் பார்த்ததாக எழுதிவிட்டால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பத்தியை வைத்தே மொத்தப் புகாரையும் ஆட்டிப் பார்ப்பார்கள்.

வக்கீலின் பெயர், முகவரியோடு பதிவு எண்ணும் வேண்டும். அதைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்ட வக்காலத்தில் பார்க்கலாம். வக்காலத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்குங்கள். அவர் உங்கள் வக்கீல் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. வாய்தா விவரம் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வரும். தேதிப் பட்டியலை அச்செடுக்கலாம், ஆனால் அது சான்றளித்த நகலுக்கு ஈடாகாது. "வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதிய நாளுக்கு முன்பே வழக்கு தள்ளுபடியாகியிருந்தால், அந்தத் தள்ளுபடி உத்தரவின் சான்று நகலும் வாட்ஸ்அப் செய்தியும் அடுத்தடுத்த இணைப்பாக வர வேண்டும். இப்படி இரண்டு தாள் பேசும் அளவுக்குப் பத்துப் பக்கக் குற்றச்சாட்டு பேசாது.

வாட்ஸ்அப் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் வைத்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கூடவே இருக்கட்டும்; அதில் உங்கள் பகுதி ஒன்று, நிபுணர் பகுதி ஒன்று, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு என்று படிவமே இருக்கிறது. செய்தி இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

பணம் விஷயத்தில்தான் பெரும்பாலான புகார்கள் பலவீனப்படுகின்றன. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர் நிரூபிப்பது கடினம். அன்றைய தேதியில் வங்கியிலிருந்து எடுத்த பதிவு, கூட வந்தவரின் அபிடவிட், தொகையைக் குறிப்பிட்டு அனுப்பிய செய்தி, இவற்றைக் கோத்துத்தான் காட்ட முடியும். யு.பி.ஐ.யில் அனுப்பியிருந்தால் வங்கி அறிக்கையே போதும். குமாஸ்தாவின் கணக்குக்கு அனுப்பியிருந்தால், வக்கீல் சொல்லித்தான் அனுப்பினேன் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

தமிழில் மனு கொடுக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. விவகாரம் டெல்லிக்குப் போக நேர்ந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு மாநில கவுன்சிலின் பொறுப்பு. புகாரோடு கட்டணம் செலுத்த வேண்டும். தொகை, எத்தனை பிரதி, எந்தப் பெயரில் டிராப்ட் என்பதெல்லாம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும் என்பதால் அனுப்புமுன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். தபால் என்றால் டெலிவரி சான்று. இந்தத் தேதி ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலானோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அது நீதிமன்றத்துக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் "நீதிமன்றம்" என்பது நீதிசார் அதிகாரம் உள்ள பிற அமைப்புகளையும் சேர்த்துத்தான். ஒழுங்குக் குழுவின் முன் நடத்தவும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேட்கலாம். உள்ளூர் வக்கீலுக்கு எதிராக உள்ளூர் வக்கீலே மனு எழுதத் தயங்கும் சிறிய ஊர்களில் இது உதவும். பக்கத்துத் தாலுகா வக்கீலைக் கேட்டுப் பாருங்கள்.

உள்ளே நடப்பது

பதிவான புகார் முதலில் போவது கவுன்சில் முன், குழு முன் அல்ல. தவறு நடந்ததாக நம்ப முகாந்திரம் இருக்கிறதா என்று கவுன்சில் பார்க்கும். கூடுதல் விவரம் கேட்கலாம், வக்கீலின் பதிலையும் கேட்கலாம். புகார்கள் அடைபட்டுக் கிடக்கும் முதல் இடம் இதுதான். காரணம் எளிது: இந்தக் கட்டத்துக்கென்று சட்டத்தில் தனிக் கெடு இல்லை, கவுன்சில் கூடினால்தான் முடிவு. முகாந்திரம் இல்லை என்று இங்கேயே தள்ளிவிட்டால் மேல்முறையீடு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 48ஏ பிரிவின்படி இந்திய பார் கவுன்சிலுக்குச் சீராய்வு மனு கொடுக்கலாம்.

முகாந்திரம் உண்டென்றால் 3 பேர் கொண்ட ஒழுங்குக் குழுவுக்குப் போகும். 2 பேர் கவுன்சில் உறுப்பினர்கள், 1 வெளியிலிருந்து சேர்க்கப்படும் வக்கீல். மூவரில் மூத்தவர் தலைவர். பொதுமக்கள் தரப்பில் ஒருவரும் இல்லை. வக்கீலுக்கும் மாநில அட்வகேட் ஜெனரலுக்கும் (மாநில அரசின் தலைமை வக்கீல்) நோட்டீஸ் போகும். நீங்களே நடத்தலாம், வக்கீல் வைத்தும் நடத்தலாம். ஆவணங்களையும் அபிடவிட்டுகளையும் வைத்தே முடிப்பது பொது விதி. தேவைப்பட்டால் சிவில் வழக்கு போலச் சாட்சி, குறுக்கு விசாரணை.

இந்தச் சேவையின் உண்மையான பலம் 42ஆம் பிரிவு. சாட்சியை வரவழைக்க, ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல, நீதிமன்றப் பதிவேட்டை வரவழைக்க, சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கும் உண்டு. ஆனால் குழு அதைத் தானாக முன்வந்து பயன்படுத்துவது அபூர்வம். வக்கீலின் வங்கிக் கணக்கு விவரம் வேண்டுமா? எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தத் தொகையை நிரூபிக்க என்று நான்கும் எழுதி மனு போடுங்கள். "எல்லா ஆவணங்களையும் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்" என்ற மனு தள்ளுபடிக்கென்றே எழுதிய மனு.

நிரூபண அளவுகோல் உயர்ந்தது. ஒருவரின் பிழைப்பே பறிபோகும் விவகாரம் என்பதால் கிட்டத்தட்டக் குற்ற வழக்கு அளவுக்குச் சான்று கேட்கிறார்கள். சந்தேகத்தின் பலன் வக்கீலுக்கு.

விசாரணை நாளில் ஒரு உறுப்பினர் வராவிட்டாலும் நடவடிக்கை தொடரலாம். ஆனால் இறுதி உத்தரவு போட 3 பேரும் இருந்தாக வேண்டும் என்கிறது 42(4). 3 பேருமே நாள்தோறும் நீதிமன்றத்தில் தங்கள் சொந்த வழக்குகளை நடத்துபவர்கள். வாதம் முடிந்தும் உத்தரவு வராமல் இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நடுவில் சமாதானப் பேச்சு வரும். வக்கீல் பணத்தைத் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கு என்பார். பணத்தை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வாபஸ், சமரசம் என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரைக் கைவிடக் கூடாது என்று விதியே சொல்கிறது; அதனால் "கண்டிப்பாக முடித்துவைப்பேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பணம் பெற்றதை மட்டும் எழுதுங்கள்.

ஒரு வருடக் கெடு

36பி பிரிவு, 1973 திருத்தத்தில் வந்தது. மாநில கவுன்சில் புகாரைப் பெற்ற நாளிலிருந்து 1 வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் விவகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். கணக்கு தொடங்குவது பெற்ற நாளில். குழுவுக்கு அனுப்பிய நாளில் அல்ல. சீல் போட்ட பிரதியைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

புகார்தாரருக்கு ஆதரவாகத் தோன்றும் இந்தப் பிரிவு நடைமுறையில் எதிராகவே வேலை செய்கிறது. மாநிலத்தில் யாரும் முடிக்காமல் விட்டால் கோப்பு டெல்லிக்குப் போகிறது. தாமதத்துக்காக யாருக்கும் எந்த விளைவும் இல்லை. திருநெல்வேலிக்காரர் டெல்லி விசாரணைக்குப் போக வேண்டும், சாட்சிகளையும் அழைத்துப் போக வேண்டும். சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த எதிர்பார்ப்பில்தான் பல வக்கீல்கள் முதல் வருடத்தை வாய்தாவிலேயே ஓட்டுகிறார்கள்.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மாநில கவுன்சில் 1 வருடத்துக்குள் முடிக்க வேண்டும், மாற்றுவது விதிவிலக்காக இருக்க வேண்டும், மாறிவந்ததை இந்திய பார் கவுன்சில் 1 வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. அனுபவமுள்ள வக்கீல்கள், ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரிகள் ஆகியோரை விசாரணை அதிகாரிகளாக வைத்துக்கொள்வதைப் பரிசீலிக்கவும் சொன்னது. புகார்தாரர் செய்யக்கூடியது: ஆறாவது, ஒன்பதாவது மாதங்களில் இந்தத் தீர்ப்பையும் 36பியையும் குறிப்பிட்டு, கெடு முடியும் தேதியை எழுதி, விரைவு மெமோ போடுவது. எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போதெல்லாம் ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொல்வது. தாமதம் உங்களால் அல்ல என்பது பதிவில் இருக்க வேண்டும்.

இந்த அமைப்பு ஏன் பலவீனம்

கவுன்சில் உறுப்பினர்களை வக்கீல்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் 10,000 பேருக்கு மேல் இருந்தால் 25 உறுப்பினர்கள். தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டவர்தான் பின்னால் அந்த வாக்காளரை விசாரிக்கிறார். தனிமனிதரின் நேர்மையைப் பற்றிய பேச்சு இல்லை இது, அமைப்பே அப்படி. நலநிதி, சேம்பர், வக்கீல் பாதுகாப்பு என்று சங்க வேலையும் தொழிலை ஒழுங்குபடுத்தும் வேலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது எதற்கு நேரம் போகும் என்று ஊகிக்கலாம்.

அமைப்பால் வேகமாகச் செயல்படவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியை நோக்கிக் காலணி வீச முயன்ற வக்கீலை இந்திய பார் கவுன்சில் அன்றைக்கே இடைநீக்கம் செய்தது. கையாடப்பட்ட இழப்பீட்டுத் தொகைக்காக நடக்கும் விதவைக்கு அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பணமும் இல்லை. சட்டப்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. 1993க்குப் பிறகு ஏறவில்லை. பல கவுன்சில்கள் வெவ்வேறு தலைப்புகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30 அன்று அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தீர்ப்பு சரி. ஏழை மாணவர் வாசலிலேயே நிற்கக் கூடாது. ஆனால் புதிதாக வருபவரின் ஒருமுறைக் கட்டணத்தை நம்பி, நாற்பது வருடம் தொழில் செய்பவரைக் கண்காணிக்கும் அலுவலகத்தை நடத்த முடியாது என்ற உண்மை அதனால் மறையவில்லை. தொழிலில் இருப்பவர் ஆண்டுதோறும் சிறு தொகை கட்டி, அது ஒழுங்கு விசாரணைக்கு மட்டும் போகும்படி சட்டத்தைத் திருத்தாமல் முழுநேர விசாரணை ஆள் வரமாட்டார்.

இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்தது. சங்கம் வேறு, ஒழுங்காணையம் வேறு. சேவைக் குறைக்கு 2010 முதல் சட்டச் சேவைக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். முதலில் வக்கீல் நிறுவனத்திடமே புகார் சொல்லி 8 வாரம் பார்க்க வேண்டும், பிறகு இவரிடம் போனால் 50,000 பவுண்ட் வரை இழப்பீடு உத்தரவிட முடியும். அங்கேயும் கோட்டை விட்டிருக்கிறார்கள்: 2023இல் ஆக்ஸியம் இன்ஸ் என்ற நிறுவனம் மூடப்பட்டபோது கட்சிக்காரர் பணம் 6 கோடி பவுண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஆனால் நமக்கு இல்லாத ஒன்று அவர்களுக்கு உண்டு. எந்த சொலிசிட்டர் மீது என்ன நடவடிக்கை என்பதை யாரும் இணையத்தில் தட்டிப் பார்க்கலாம். இங்கே தண்டனை பதிவேட்டில் ஏறுகிறது. வக்கீலை அமர்த்தப் போகும் கட்சிக்காரர் நாடு முழுவதற்குமாகத் தேடிப் பார்க்க ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. இதற்குச் சட்டத் திருத்தமே தேவையில்லை, ஒரு இணையப் பக்கம் போதும்.

உத்தரவு வந்த பிறகு

மாநில ஒழுங்குக் குழுவின் உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் 37ஆம் பிரிவின் கீழ் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு. அங்கிருந்து 38ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம், அதற்கும் 60 நாள். புகார்தாரரும் போகலாம், வக்கீலும் போகலாம். வக்கீல் போனால் முதலில் கேட்பது 40ஆம் பிரிவின்படி தடை உத்தரவு. மேல்முறையீடு செய்ததாலேயே தண்டனை நின்றுவிடாது; தடை உத்தரவு இருந்தால்தான் நிற்கும். உங்களுக்கு நோட்டீஸ் வந்ததும் ஆஜராகி, பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை, கட்டை இன்னும் கொடுக்கவில்லை என்றால் அதை எழுத்தில் தாக்கல் செய்யுங்கள். தடை கொடுத்தாலும் அதை நிபந்தனையோடு கொடுக்கச் சொல்லிக் கேட்க அதுதான் இடம்.